ஸ்பீக்கர் பார்க்கப் போகும்போது எந்தப் பாட்டைக் கொண்டுபோவது?

ஸ்பீக்கர் கடை எந்த ஊரில் இருந்தாலும் அமெரிக்க ராக் குழுவான ஈகிள்ஸின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’வைப் போட்டுக் காட்டுவார்கள். 1994-இல் மேடையில் பதிவான வடிவம், அருமையான பதிவு. சோதனைக்கு அது உதவாததற்குக் காரணமும் அதுதான்: சுமாரான ஸ்பீக்கரிலும் நன்றாகவே கேட்கும். தவிர, அந்த டிரம்மும் கிதாரும் நேரில் எப்படி ஒலிக்கும் என்று நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரியாத சத்தத்தை வைத்து ஸ்பீக்கர் உண்மை சொல்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

நெல்லைச் சீமையில் வளர்ந்த காதுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கல்யாண வீட்டில் நாகஸ்வரமும் தவிலும், கோயில் கொடை விழாவில் உடுக்கும் குடமும், பக்கத்தில் நின்று கேட்டுப் பழகிய சத்தம். அதன் பதிவுகளைக் கையோடு கொண்டுபோவதுதான் சரி.

முதல் இடம் ‘சிங்கார வேலனே தேவா’வுக்கு. 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் சேர்ந்த பாட்டு. அறுபது வருஷத்துக்கு முந்தைய மோனோ பதிவை வைத்து இன்றைய ஸ்பீக்கரைச் சோதிப்பதா என்று தோன்றும். மோனோ என்பதுதான் இங்கே லாபம். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலி போவதால், நடுவில் உட்கார்ந்து கேட்டால் குரல் இரண்டுக்கும் சரி நடுவில், ஒரு சாண் அகலத்துக்குள் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஸ்பீக்கர் ஜோடி ஒத்துப்போகவில்லை, அல்லது ஒரு பக்கச் சுவர் கிட்டே இருக்கிறது. குரல் எங்கே இருக்கிறது என்றே பிடிபடாமல் பரவி, அடிச்சத்தமும் மெலிந்திருந்தால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் மாறிச் சொருகியிருக்கிறது. கடையிலேயே இது நடக்கும். மாற்றிச் சொருகச் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள்.

இதே பாட்டில் குரலும் நாகஸ்வரமும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறி மாறி வரும் பகுதியைத் தனியாகக் கேளுங்கள். இரண்டு டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்) உள்ள ஸ்பீக்கரில் அடிச்சத்தத்துக்கான வூஃபர் விட்டு மேல்சத்தத்துக்கான ட்வீட்டர் எடுத்துக்கொள்ளும் இடம் பெரும்பாலும் 2000 முதல் 3000 ஹெர்ட்ஸுக்குள் வரும். நாகஸ்வரத்தின் கார்வைக்கு உயிர் கொடுக்கும் மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு கூடவே எழும் உயர்ந்த ஒலிகள்) நிறைய அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. இந்தக் கைமாற்றத்தைக் கவனிக்கும் கிராஸ்ஓவர் சரியில்லையென்றால் வாசிப்பு மேலே ஏற ஏற வாத்தியமே வேறாகிவிடும்: கீழே மரத்தின் கனம், மேலே தகரம். நல்ல ஸ்பீக்கரில் ஏற்றம் முழுக்க ஒரே சீவாளியின் சத்தமாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: இணையத்தில் இந்தப் பாட்டுக்கு எதிரொலி சேர்த்து ‘ஸ்டீரியோ’ ஆக்கிய வடிவங்கள் உலவுகின்றன. இயர்போனில் போட்டுப் பாருங்கள். தலைக்கு நடுவே நிற்காத பதிவைக் கழித்துவிடுங்கள்.

தவிலுக்குத் தனி ஆவர்த்தனம் ஒன்று போதும், ஆனால் மைக் செட்டில் பிடித்ததாக இருக்கக் கூடாது. வலப்பக்கத்து வலந்தலையில் விரல் கூடு படும் ‘டக்’கும், இடப்பக்கத்துத் தொப்பியில் கழி விழும் அடியும் தனித்தனியாக, வால் இல்லாமல் நிற்க வேண்டும். தொப்பி அடி ஒவ்வொன்றும் ஒரே சுருதியில் ‘தும்’ என்று இழுத்தால் அது தவில் இல்லை, ஸ்பீக்கர் பெட்டியோ அறையோ பேசுகிறது. சத்தத்தைக் கூட்டும்போது அடிகள் மழுங்கிக் கரகரத்தால் ஆம்ப்ளிஃபயருக்குத் திராணி போதவில்லை. அதற்கு ஸ்பீக்கர்மேல் பழி போடக் கூடாது.

குரலுக்கு எம்.எஸ். சுப்புலட்சுமியின் 1963 ‘வேங்கடேச சுப்ரபாதம்’. காலையில் தெருவெங்கும் கேட்டு மனப்பாடமான பதிவு என்பதால் கொஞ்சம் பிசகினாலும் தெரிந்துவிடும். உடன் பாடும் ராதா விஸ்வநாதனின் குரல் தனியாகக் காதுக்கு வருகிறதா பாருங்கள். மங்கலான ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றாகிப்போகும். ‘ஸ’ வரும் இடமெல்லாம் ஊசிபோல் குத்தினால் ட்வீட்டர் காரம். கடையில் ஐந்து நிமிஷம் அது ‘துல்லியம்’ மாதிரித் தோன்றும், வீட்டில் ஒரு மணி நேரம் கேட்டால் தலை வலிக்கும்.

தம்புராவை யாரும் சோதனைக்கு எடுப்பதில்லை, எடுக்க வேண்டும். ஒரு கட்டைச் சுருதியில் ஆண் தம்புராவின் மந்தரத் தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ். நாலு அங்குல வூஃபர் உள்ள சிறிய ஸ்பீக்கரில் அந்த அடிச்சுரம் மிகவும் மெலிந்து வரும். மேற்சுரங்களை வைத்துக் காது அதை ஊகித்துக்கொள்ளும். நிஜமாகவே வரும்போது நாலாவது மீட்டலில் அறை லேசாக நிறைவது தெரியும். எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியின் பதிவு இதற்கு ஆகாது.

வில்லுப்பாட்டில் வில்லில் கட்டிய மணி, வீசுகோல், உடுக்கு, குடம் எல்லாம் உண்டு. சோதனைக்கு இதைவிட வளமான சரக்கு கிடையாது. சங்கடம், கிடைக்கிற பதிவுகளில் பாதிக்கு மேல் கொடையில் மிக்சரிலிருந்து பிடித்தவை. மணிச்சத்தம் பதிவிலேயே உடைந்திருக்கும். ஸ்டுடியோப் பதிவு கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

ஸ்டீரியோ அகலத்துக்கும் பேஸுக்கும் இளையராஜாவின் வாத்திய இசைத் தொகுப்பு ‘ஹவ் டு நேம் இட்’, 1986. வயலின் கூட்டம் ஒரே மெழுகாக ஒட்டிக்கொள்ளாமல் பிரிந்து கேட்க வேண்டும். பேஸ் கிதாரில் ஒவ்வொரு சுரமும் ஏறக்குறைய ஒரே பலத்தில் வர வேண்டும். இந்த இடத்தில்தான் அறை குறுக்கே வரும். பேஸ் கிதாரின் ‘ஏ’ தந்தி திறந்த நிலையில் 55 ஹெர்ட்ஸ். 12-க்கு 10 அடி அறை, உயரமும் 10 அடி என்றால், 10 அடி அளவு இரண்டும் சேர்ந்து சுமார் 56 ஹெர்ட்ஸில் அதிரும்; 12 அடிப் பக்கம் 47-இல். ஆக அந்த ஒரு சுரம் மட்டும் வீங்கி, அடுத்த சுரம் காணாமல் போகும். இப்போது கட்டும் கான்கிரீட் வீடுகளில் இந்த அளவு அறைதான் அதிகம். ஸ்பீக்கரைப் பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுங்கள், உட்காரும் இடத்தை அறையின் நடுவிலிருந்து விலக்குங்கள். பின்பக்கம் துவாரம் உள்ள பெட்டிக்கு இது கட்டாயம். நெல்லை டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில், முற்றத்தைப் பார்த்துத் திறந்த நீளமான பட்டாசலில் (கூடத்தில்) இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டால் அழகுதான், பேஸ் அடங்காது. அது மிக மெல்லியது. டைல்ஸ் தரையில் கனமான ஜமுக்காளம் விரித்தால் மேல்சத்தத்தின் கூச்சல் குறையும், அவ்வளவே.

கோப்புகளைச் சி.டி.யிலிருந்து எடுத்து, ஒலியில் எதையும் வெட்டாத ஃபிளாக் வடிவில் பென் டிரைவில் போடுங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றரை நிமிஷத் துண்டு போதும். 128 கிலோபிட் எம்பி3 சுமார் 16,000 ஹெர்ட்ஸோடு வெட்டிவிடும். அதை ஃபிளாக்காக மாற்றினாலும் வெட்டியது திரும்ப வராது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் அந்த வெட்டு கத்தியால் கோடு போட்டதுபோல் தெரியும். பழைய சினிமாப் பாட்டில் மேல்பகுதி தானாகவே தேய்ந்து மங்கும், அது குற்றமில்லை. ப்ளூடூத்தில் கேட்காதீர்கள், ஒயரில் கேளுங்கள். பேஸ் பூஸ்ட், சரவுண்ட் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள், கடையின் ஏ.சி.யையும்தான்.

இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும் அதுதான் உசத்தி என்று மனசு சொல்லும். அதனால் பென் டிரைவில் முதல் கோப்பு பிங்க் நாய்ஸ் (அருவி மாதிரி ஒரே சீராக இரையும் சோதனைச் சத்தம்), அரை நிமிஷம். உட்காரும் இடத்தில் போனில் டெசிபல் செயலியை வைத்து, இரண்டையும் 75-க்கு, அரை டெசிபல் வித்தியாசத்துக்குள் கொண்டுவாருங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இராது. ஒரே போன், ஒரே இடம் என்றால் ஒப்பிட அது போதும். பிறகு தம்புராவையும் சுப்ரபாதத்தையும் மட்டும் 60-க்கு இறக்கிக் கேளுங்கள். வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு கேட்கப்போவது அந்த அளவில்தான். அங்கே மந்தரம் மறைந்து, ராதாவின் குரல் கரைந்துபோகும் ஸ்பீக்கரை, 75-இல் எவ்வளவு முழங்கினாலும் எடுக்க வேண்டாம்.