படகு ஏசி நின்றால் முதலில் பம்பைக் கழற்றாதீர்கள்

மொரீஷியஸில் பிளாக் ரிவர் பக்கம் நிற்கும் ஒரு சார்ட்டர் கட்டமரானில், அதாவது விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடும் இரட்டை அடிப்பாகப் படகில், எஞ்சின், கரண்ட், ஏசி மூன்றும் என் தலையில். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இங்கே புழுக்கம் எப்படி இருக்கும் என்று இருப்பவர்களுக்குத் தெரியும். கேபினில் குளிர்ச்சி குறைந்தால் விருந்தாளிகள் கேப்டனைத் தாண்டி நேரே என்னிடம் வந்துவிடுவார்கள். அதனால் இந்தக் கடல்தண்ணி பம்போடு பல வருடமாக நல்ல பழக்கம்.

வீட்டு ஏசி போல இதற்கு வெளியே ஃபேன் வைத்த யூனிட் கிடையாது. கடல்தண்ணியை இழுத்து கண்டென்சருக்குள் ஓட்டி, சூட்டோடு வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். தண்ணி நின்றால் கம்ப்ரஸர் பக்கம் அழுத்தம் ஏறி, ஹை பிரஷர் என்று காட்டிவிட்டுத் தானே அணைந்துவிடும். உடனே எல்லோரும் சொல்வது: பம்ப் போச்சு. பெரும்பாலும் போயிருக்காது.

எங்களுடையது அமெரிக்காவில் செய்த மேக்னெட் டிரைவ் பம்ப், 12,000 பிடியூ (குளிர்விக்கும் திறனின் அளவு) ஒன்று, 16,000 பிடியூ ஒன்று என்று இரண்டு ஏசிக்கும் இது ஒன்றே. மோட்டார் தண்டு தண்ணிக்குள் போகாது, காந்தம் வழியாகத்தான் இம்பெல்லர், அதாவது தண்ணியைத் தள்ளும் சக்கரம், சுற்றுகிறது, அதனால் சீல் தேய்ந்து மோட்டாருக்குள் உப்புத்தண்ணி இறங்கும் கதை இதில் இல்லை. மெச்ச வேண்டிய விஷயம். ஆனால் இது தள்ளுமே தவிர, காற்றை உறிஞ்சி தண்ணியை மேலே இழுக்காது. ஊரில் கிணற்று மோட்டாருக்குத் தண்ணி ஊற்றி நிரப்பிவிட்டுத்தானே சுவிட்ச் போடுவோம், அதே குணம். அதனால் பம்ப் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அடிவால்விலிருந்து ஸ்ட்ரெய்னர் (குப்பை வடிகட்டி), பம்ப், ஏசி என்று ஹோஸ் ஏறிக்கொண்டே போக வேண்டும், நடுவில் ஒரு இடத்தில் மேடாகி மறுபடி இறங்கினாலும் காற்று அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

லெ மோர்ன் பக்கம் அலையில் ஆடிவிட்டு வந்தால் எங்களுக்கு வரும் தொல்லை இதுதான். பம்ப் உறுமும், படகின் பக்கவாட்டுத் துளையில் தண்ணி வராது. எங்களோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவர், இந்த ஊர்த் தமிழர், பம்பில் கை வைத்த உடனேயே "எனா லேர் லாதாங், தம்பி, காத்து" என்பார், கிரியோலில் உள்ளே காற்று இருக்கிறது என்று. பம்ப்பை அணைத்து, அது தண்ணியை வெளியே தள்ளும் பக்கத்து ஹோஸின் கிளாம்பைத் தளர்த்தினால் முதலில் புஸ்ஸென்று காற்று, பிறகு துப்பித் துப்பித் தண்ணி, அப்புறம் ஒரே சீராக வரும். அப்போது இறுக்கிவிட வேண்டும். அடியில் தண்ணி வாங்கும் ஸ்கூப் முன்பக்கம் பார்த்து இருக்கிறதா என்றும் பாருங்கள். திருப்பிப் போட்டிருந்தால் படகு ஓடும்போது தண்ணியை வெளியே உறிஞ்சிவிடும்.

ஸ்ட்ரெய்னர் சுத்தம் செய்வது எல்லோருக்கும் தெரியும். 2024 ஜனவரியில் பெலால் புயல் போன பிறகு கூடையைத் திறந்தால் ஒரு பிடி இலையும் சேறும், நடுவில் நசுங்கிய பிளாஸ்டிக் உறை. பலரும் விட்டுவிடுவது மூடியின் ஓ ரிங், அந்த ரப்பர் வளையம். ஸ்ட்ரெய்னர் கடல் மட்டத்துக்கு மேலே இருந்தால், அந்த ரிங்கில் மயிரிழை வெடிப்பு போதும், ஒரு சொட்டு ஒழுகாது, ஆனால் காற்றை இழுக்கும். கண்ணாடி மூடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக ஏறுவது தெரியும்.

இங்கே கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க கேட்டலாக்கில் பம்ப் தள்ளும் தண்ணிக்கு முன்னால் நிற்கும் எண் 60 ஹெர்ட்ஸுக்கானது. நம்மிடம் மோட்டார் மெதுவாகச் சுற்றும், தண்ணி ஆறில் ஒரு பங்கு குறையும், உயரத்துக்குத் தள்ளும் சக்தியோ மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விடும். 12,000 பிடியூவுக்கு நிமிடத்துக்கு 11 முதல் 15 லிட்டர் வேண்டும். சந்தேகமாக இருந்தால் வெளியே 5 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பாருங்கள், சின்ன ஏசியின் துளையில் 25 விநாடிக்குள் நிரம்பினால் சரி. விற்பவர் சொல்லும் எண்ணைவிட அந்த வாளியை நம்புகிறேன்.

தண்ணி வருகிறது, ஆனால் மெல்ல மெல்லக் குறைகிறது என்றால் உள்ளே சுண்ணாம்பும், ஓட்டோடு ஒட்டி வளரும் கொட்டலசும் படிகிறது என்று அர்த்தம், இந்தச் சூட்டுக் கடலில் தவிர்க்க முடியாது. வால்வை மூடி, ஏசியின் இரு ஹோஸையும் வாளிக்கு இழுத்து, குட்டி பம்ப் ஒன்றால் வெள்ளை வினிகரைச் சில மணி நேரம் சுற்ற விடுகிறோம். நுரை பொங்கினால் சுண்ணாம்பு கரைகிறது. நுரை நின்ற பிறகு நல்ல தண்ணியில் அலசல். கடும் ஆசிட் வேகமாக வேலை செய்யும், மூடிய பில்ஜுக்குள் (படகின் அடிப்பள்ளம்) அந்த ஆவியை மூச்சில் இழுக்க எனக்கு மனசில்லை.

பம்பிலேயே பழுது என்றால் அது பெரும்பாலும் வறண்டு ஓடியதால்தான், இம்பெல்லர் சுற்றும் "பின்" கம்பிக்கு மசகு அந்தத் தண்ணிதானே. கரகரவென்று சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். இரண்டு ஏசி இருந்தால் நடுவில் பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் ஒரு ரிலே பெட்டி இருக்கும், பம்ப் உறுமவே இல்லை என்றால் மோட்டாரைக் கழற்றும் முன் அதில் 230 வோல்ட் வெளியே வருகிறதா என்று மீட்டரை வையுங்கள்.

மறுபடி வாங்கினால் இதே வகைதான், 50 ஹெர்ட்ஸ் அட்டவணையைப் பார்த்து ஒரு சைஸ் பெரிதாக. கூடவே ஒரு இம்பெல்லர், பின், இரண்டு ஓ ரிங்கையும் அதே பார்சலில் போடச் சொல்லுங்கள், ஒரு ரிங்குக்காகத் தனியாக வரவழைத்தால் ரிங் விலையைவிட அனுப்பும் கூலிதான் அதிகம்.