மலையேறும் வண்டிக்கு எந்த டேங்க் மூடி? நீலகிரிக் கணக்கில் ஓர் அலசல்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டரில். நடுவில் இருப்பது ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் சாலைதான். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் சுற்றியுள்ள காற்றழுத்தம் ஏறக்குறைய 975 மில்லிபாரிலிருந்து 775-க்கு இறங்கிவிடுகிறது. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் உப்பி நிற்பது இதனால்தான். பெட்ரோல் டேங்குக்கும் அதே கதிதான். ஆனால் இதற்குள் இருப்பது தீப்பிடிக்கும் ஆவி.

டேங்கைக் காற்றுப் புகாமல் அடைத்து, வெப்பநிலை மாறாமல் மேலே கொண்டுபோனதாக வைத்துக்கொள்வோம். 200 மில்லிபார் வித்தியாசம் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிராம் எடை. 30-க்கு 20 சென்டிமீட்டர் பக்கத் தகட்டில் மட்டும் 120 கிலோ உள்ளிருந்து தள்ளும். மூடி மூச்சுவிட வேண்டியது இதனால்தான்.

பலரும் இதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். இங்கே வெப்பநிலை அப்படியே இருப்பதில்லை. வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் ஏறிவந்த வண்டியின் மூடியை மாலையில் ஊட்டி சேரிங் கிராஸில் திறந்தால் ‘ஸ்ஸ்’ என்று ஆவி வெளியே வரும். அதே வண்டி டிசம்பர் இரவில் உறைபனியில் நின்றால், பெட்ரோல் குளிர்ந்து ஆவி அடங்கி, காலையில் டேங்க் காற்றை உள்ளே இழுக்கும். அப்படியே கீழே இறங்கத் தொடங்கினால் வெளியே அழுத்தம் கூடக்கூட இன்னும் காற்று உள்ளே வேண்டும். ஆக, ஒரே நாளில் வெளியேயும் விட வேண்டும், உள்ளேயும் இழுக்க வேண்டும். வண்டி சாய்ந்தால் பெட்ரோலை மட்டும் விடக்கூடாது. கடையில் மூடியின் பளபளப்பையும் பூட்டையும்தான் பார்க்கிறோம். நான் இந்த மூன்றை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதலில் ஓட்டை மூடி. பழைய கார்புரேட்டர் பைக்குகளிலும் மொபெட்டுகளிலும் இருப்பது. மூடிக்குள் ஒரு சிறு துளை. நேராக வெளியே போகாமல் உள்தகடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும், குலுங்கும் பெட்ரோல் சட்டென்று எட்டிவிடாதபடி. அசையும் பாகம் ஒன்றும் இல்லை. இரு பக்கமும் மூச்சு விடும். பாதி நிரம்பிய 12 லிட்டர் டேங்க் என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போவதற்குள் சுமார் ஒன்றரை லிட்டர் ஆவியும் காற்றும் இந்தத் துளை வழியே வெளியேறும். ஓடும் வண்டியில் அது காற்றோடு போய்விடும். வீட்டுக்கு அடியில் கட்டிய நிறுத்துமிடத்தில் சூட்டோடு கொண்டுபோய் நிறுத்தினால்தான் வம்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, தரையோடு படியும். இங்கே மாடி வீட்டில் கணப்பு எரிவதும், கீழே வண்டி நிற்பதும் சாதாரணம். குளிர்தானே என்றும் இருந்துவிட முடியாது. மைனஸ் 40 டிகிரி வாக்கில்கூடப் பெட்ரோலிலிருந்து தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி வரும். ஊட்டிக் குளிர் அதற்குப் பொருட்டே இல்லை.

ஓட்டை மூடி தோற்கும் இடம் இரண்டு. வண்டி விழுந்தால் பெட்ரோல் சொட்டும். டேங்க் முழுசாக இருந்து, சரிவில் பக்கவாட்டு ஸ்டாண்டில் நிறுத்தினாலும் கசியும். ஊட்டியில் சமதளமாக நிறுத்த எங்கே இடம் கிடைக்கிறது? அடுத்தது, துளை அடைவது. எஸ்டேட் சாலைச் செம்மண்ணும், வாட்டர் சர்வீஸ் தண்ணீரும் சேர்ந்து நன்றாகவே அடைத்துவிடும். அப்போது வண்டி கொஞ்ச தூரம் ஓடும், மிஸ் அடிக்கும், நிற்கும். சிறிது நேரம் கழித்துக் கிளம்பும். பிளக் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கடைசியில்தான் மூடிக்கு வருவார்கள். நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, உடனே வண்டி எடுத்தால் குற்றவாளி மூடிதான். இறக்கத்தில் இது அதிகம் வெளிப்படும்.

அடைத்த மூடியில் ஆணியால் புது ஓட்டை போடுவது நம் ஊர் வைத்தியம். மூச்சு வரும், சரி. ஆனால் வளைந்த பாதை போய்விட்டது. நேர் ஓட்டை வழியே குலுங்கும் பெட்ரோல் தொடையில் தெறிக்கும், மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கும்.

இரண்டாவது வகை, இருவழி வால்வும் குண்டும் உள்ள மூடி. ஒரு சின்ன ரப்பர் குடை, லேசான இழுப்புக்கே உள்பக்கம் திறந்து காற்றை விடும். ஸ்பிரிங் வைத்த இன்னொரு வால்வு, உள்ளே அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஆவியை வெளியே விடும். வண்டி கவிழ்ந்தால் ஒரு உருண்டை நகர்ந்து வழியை அடைத்துவிடும். ஆவியை விட வேண்டும், பெட்ரோலைப் பிடிக்க வேண்டும் என்ற இரண்டையும் ஒரே மூடிக்குள் முடிக்கும் ஏற்பாடு இதுதான். கேனிஸ்டர் (ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டி) இல்லாத பழைய வண்டியோடு மலையில் வாழ்பவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

கொண்டை ஊசி வளைவில் பைக் சாயும்போது இந்தக் குண்டு வழியை அடைத்துவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. அடைக்காது. வளைவில் பைக் சாயும்போது எடையும் பக்கவாட்டு விசையும் சேர்ந்து வண்டியின் நேர்கோட்டிலேயே கீழ்நோக்கி அழுத்துகின்றன. டேங்கில் இருக்கும் பெட்ரோலுக்கும், மூடியில் இருக்கும் குண்டுக்கும், தான் நேராக நிற்பதாகவே கணக்கு. கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளிலும் அதுதான் நிலை. காரிலும் லாரியிலும் அப்படியில்லை. அவை சாய்வதில்லை, உள்ளே இருக்கும் எரிபொருள்தான் ஒரு பக்கம் ஏறும்.

இதிலும் குறை உண்டு. ரப்பர் இறுகினால் வால்வு ஒட்டிக்கொள்ளும்; ஒட்டிய வால்வு, அடைத்த ஓட்டையைவிட மோசம், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய காலத்து ரப்பர் எல்லாமே அதைத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் வாஷரை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை. லேசாக ‘ஸ்ஸ்’ சத்தம் வருவது மட்டும் கோளாறில்லை, அந்த ஸ்பிரிங்கின் வேலையே அதுதான். எஞ்சினை அணைத்து, முதலில் அரைச் சுற்றுத் திருப்பி, சத்தம் அடங்கிய பிறகு முழுதாகத் திறந்தால் போதும்.

மூன்றாவது, காற்றுப் புகாத மூடியும் கரிப்பெட்டியும். ஆவியை வெளியே விடுவதே மாசு என்று சட்டம் வந்தபோது பிறந்த ஏற்பாடு இது. கலிஃபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலும், அடுத்த ஆண்டு அமெரிக்கா முழுவதும் வந்தது. நம் ஊரில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு வாங்கிய பெட்ரோல் வண்டி என்றால் உங்களிடம் இருப்பது இதுதான். இங்கே மூடியின் வேலை சும்மா மூடிக்கொண்டிருப்பது. டேங்குக்குள் வெற்றிடம் அதிகமானால் மட்டும் காற்றை உள்ளே விட ஓர் அவசர வால்வு இருக்கும். மூச்செல்லாம் தனிக் குழாய் வழியாகப் போகிறது. அந்தக் குழாயின் தொடக்கத்தில் கவிழ்ந்தால் அடைக்கும் வால்வு, மறுமுனையில் கரித்தூள் நிரப்பிய கேனிஸ்டர். கரி ஆவியைப் பிடித்து வைக்கும். எஞ்சின் ஓடும்போது அதை இழுத்து எரித்துவிடும்.

மலைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டு கியரில் வருகிறோம், எஞ்சின் கேனிஸ்டரிலிருந்து பெரிதாக எதையும் இழுக்காது. ஆனால் அப்போது டேங்கே காற்றை இழுக்கிறதே! அந்தக் காற்று கரி வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். வரும்போது கரியில் பிடிபட்ட ஆவியில் கொஞ்சத்தைத் திரும்ப டேங்குக்கே கொண்டுபோகிறது. இறங்கும் வழியில் பர்லியார் வருவதற்குள் கேனிஸ்டர் தானாக ஓரளவு காலியாகிவிடும்.

இதைக் கெடுப்பது நாம்தான். பங்க்கில் நாஸில் கட் ஆன பிறகும் ‘ரவுண்டா போடுங்க’ என்று கழுத்துவரை நிரப்புகிறோம். ஆவிக்கு இடமே இல்லாமல் பெட்ரோலே குழாய்க்குள் போய் கரியை நனைக்கும். நனைந்த கரி சரியாக ஆவியைப் பிடிக்காது, காற்றும் சுலபமாகப் போகாது. வண்டியில் வாடை, எடுக்கத் திணறல். ஊட்டியில் நிரப்பிக்கொண்டு கீழே போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். குளிர்ந்த பெட்ரோல் மேட்டுப்பாளைய வெயிலில் 20 டிகிரி சூடேறினால் 12 லிட்டரில் கால் லிட்டர் கூடும். 40 லிட்டர் கார் டேங்கில் முக்கால் லிட்டருக்கும் மேல். இடம் விடாமல் நிரப்பியிருந்தால் அது எங்கே போகும்?

இந்த வண்டியில் மூடி தொலைந்தால் அதே மாடலுக்குரிய மூடியைத்தான் வாங்க வேண்டும். மரை பொருந்துகிறதே என்று ஓட்டை மூடியைப் போட்டால் ஆவி மூடி வழியே போய்விடும்; கேனிஸ்டர் சும்மா தொங்கும். மறுபக்கம், பழைய வண்டிக்குக் காற்றுப் புகாத மூடியைப் போடுவது அதைவிட ஆபத்து; அந்த டேங்குக்கு வேறு வழியே கிடையாது.

சந்தையில் விற்கும் பூட்டு மூடிகளின் சிக்கல் இங்கேதான். பெட்ரோல் திருட்டுக்குப் பயந்து வாங்குகிறோம். ஒரே பளபளப்பு, ஒரே மரை, ஆனால் உள்ளே ஒன்றில் ஓட்டை, ஒன்றில் வால்வு, ஒன்றில் எதுவுமே இல்லை. அட்டையிலும் எழுதியிருக்காது. பொருத்துவதற்கு முன்பு ஒரு சோதனை போதும். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் ரப்பர் குழாயை மாட்டி, மூடியின் அடிப்பக்கத் துளையில் அழுத்திப் பிடித்து இழுங்கள், பழைய வண்டிக்கான மூடி என்றால் காற்று சுலபமாக வர வேண்டும். பிறகு தள்ளுங்கள், இருவழி வால்வு கொஞ்சம் அடம்பிடித்து விடும், காற்றுப் புகாத மூடி விடவே விடாது. வாயை வைத்து உறிஞ்சிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

டேங்கோடு சமமாகப் பதிந்திருக்கும், விமானத்தில் இருப்பதுபோன்ற மூடிகள் பார்க்க அழகு. அவற்றின் விளிம்பில் மழைநீர் வடிய ஒரு துளையும், கீழே ஒரு குழாயும் உண்டு. ஜூலையில் கூடலூர், தேவாலா பக்கம் போகிறவர்கள் அந்தத் துளையைக் குத்திவிட்டுப் போங்கள். அடைத்தால் மூடியைச் சுற்றித் தண்ணீர் தேங்கும், திறந்ததும் டேங்குக்குள் கொட்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் படியும், பம்ப் முதலில் உறிஞ்சுவதும் அதைத்தான்.

டீசல் லாரிக்குக் கணக்கே வேறு. டீசல் ஆவி அவ்வளவு சுலபமாகத் தீப்பிடிக்காது. ஆபத்து சிந்தும் டீசலில். சேஸிஸின் பக்கவாட்டில் தொங்கும் பெரிய டேங்க், வளைவில் திரும்பும்போது உள்ளே டீசல் அலைபோல் கழுத்துவரை ஏறும். மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கை வழியும். மூடியே தொலைந்து, பாலித்தீன் காகிதத்தையும் கந்தலையும் திணித்துக்கொண்டு ஏறும் லாரிகளும் உண்டு. குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசிகள். மழைத்தூறலில் அந்த எண்ணெய்ப் படலத்தின்மீது பின்னால் வரும் பைக்காரர்தான் வழுக்கி விழுகிறார். கால் சுற்றில் பூட்டிக்கொள்ளும் மூடி, அதைத் தொலையாமல் பிடிக்கும் சங்கிலி, கழுத்துக்குக் கீழே ஒரு சாண் காலியிடம். லாரிக்கு இதற்குமேல் நுணுக்கம் தேவையில்லை.

எஸ்டேட்டில் ஓடும் புல்வெட்டி, கவாத்து மெஷின் இவற்றின் மூடிகளைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அவை பாதி மூச்சுதான் விடும் என்பது. எந்தக் கோணத்திலும் சாய்த்து வேலை செய்ய வேண்டிய கருவி என்பதால், காற்றை உள்ளே மட்டும் விடும் ஒருவழி ரப்பர் வால்வுதான் பெரும்பாலும் இருக்கும். சாய்த்தால் ஒரு சொட்டு விடாது. தேயிலைச் சரிவில் வேலை செய்ய இதைவிட நல்லது இல்லை. ஆனால் மேட்டுப்பாளையத்தில் பெட்ரோல் நிரப்பி, ஜீப்பின் பின்னால் போட்டு, கோத்தகிரிக்கு ஏற்றினால் உள்ளே சேரும் அழுத்தத்துக்குப் போக்கிடம் இல்லை. தோட்டத்தில் மூடியைச் சட்டென்று திருகினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். காலியாக ஏற்றி, மேலே போய் நிரப்பிக்கொள்வதே நல்லது. நிரப்பித்தான் கொண்டுபோக வேண்டுமென்றால், நிழலில் நிமிர்த்தி வைத்து, மூடிமேல் ஒரு துணியைப் போட்டு, மெதுவாகத் திருகுங்கள்.