வல்லேஹோ மாடல் ஏர்: நல்ல பெயின்ட்தான், ஊசி நுனி வரைக்கும்

பிளாஸ்டிக் விமான மாடல்களுக்கு நிறம் அடிக்க ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட்டைத் தூவும் சிறு கருவி) வாங்கியாயிற்று, இனி டாமியா பெயின்ட்டா வல்லேஹோ பெயின்ட்டா என்று கேட்கிறார் ஒரு நண்பர். ஒரு வரியில் சொல்கிற விஷயமில்லை. வல்லேஹோ ஏர்பிரஷ்ஷுக்கென்றே விற்கும் மாடல் ஏர் நான் நீண்ட நாள் புழங்கிய பெயின்ட் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். திட்டத்தான் நிறைய இருக்கிறது.

சொட்டு பாட்டில், தண்ணீர் அடிப்படை, தின்னர் (பெயின்ட்டை நீர்க்க வைக்கும் திரவம்) கலக்காமலே அடிக்கலாம் என்கிற பேச்சு, இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். கடைசியாகச் சொன்னதை மட்டும் நம்பாதீர்கள். மே மாத வெயிலில், சீலிங் ஃபேன் சுற்றும் அறையில், பாட்டிலிலிருந்து நேராக ஏர்பிரஷ்ஷின் கப்பில் விட்டு 0.3 மி.மீ. நாசிலில் (பெயின்ட் வெளிவரும் துளை) அடித்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் அருமையாக வரும். பிறகு கோடு மெலியும். டிரிக்கரை இன்னும் பின்னால் இழுக்க வேண்டியிருக்கும். திடீரென்று நாலைந்து பெரிய புள்ளிகள் இறக்கையின் நடுவில் வந்து விழும். நாசிலுக்குள் இருக்கும் ஊசியின் கூர்முனையில் பெயின்ட் காய்ந்து ஒரு பிசிறு உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். அது பிய்த்துக்கொண்டு பறந்ததுதான் அந்தப் புள்ளிகள்.

இந்த இடத்தில் பலரும் காற்றழுத்தத்தைக் கூட்டுவார்கள். கூட்டவே கூடாது. வேகமாகப் போகிற காற்று நுனியை இன்னும் வேகமாகக் காய வைக்கும்.

காரணம் பிசினில் இருக்கிறது. மாடல் ஏரில் அக்ரிலிக் பிசின் நுண்ணிய துகள்களாகத் தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீர் போனதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். அந்தப் படலம் மறுபடி தண்ணீரில் கரையாது. பின்னால் வரும் புதுப் பெயின்ட் பிசிறைக் கரைப்பதில்லை, அதன்மேல் இன்னொரு அடுக்காகச் சேர்கிறது. டாமியாவின் பிசின் அப்படியில்லை. காய்ந்த பிறகும் அதன் தின்னர் பட்டால் இளகும். அதனால் நுனியில் சேர்வதை அடுத்து வரும் ஈரமே பெரும்பாலும் கழுவிக்கொண்டு போய்விடும்.

மாடல் ஏரை வழிக்குக் கொண்டுவர முடியும். முதலில் கப்பில் தின்னரை விடுங்கள், பெயின்ட் அப்புறம். பெயின்ட் முதலில் இறங்கினால் கெட்டியாக நாசில் பாதையில் போய் அடைந்துவிடும், மேலே எவ்வளவு கலக்கினாலும் அது அங்கேயேதான் கிடக்கும். அளவு: 10 சொட்டு பெயின்ட்டுக்கு அவர்களுடைய ஏர்பிரஷ் தின்னர் 3 அல்லது 4 சொட்டு, ஃப்ளோ இம்ப்ரூவர் (பெயின்ட் தடையில்லாமல் ஓட உதவும் திரவம்) 1 அல்லது 2. இம்ப்ரூவர் ஒரு சொட்டு கூடினாலும் தொல்லை: பெயின்ட் மேற்பரப்பில் நிற்காமல் ஓடும், மறுநாளும் பிசுபிசுப்பு போகாது. அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ. கப்பின் உட்சுவரில் பிரஷ்ஷால் ஏற்றிவிட்டால் பாலின் பதத்தில் வழிந்து இறங்கி, பின்னால் மெல்லிய சாயம் நிற்க வேண்டும். 0.2 நாசில் இருந்தால் இந்தப் பெயின்ட்டுக்கு அதை எடுக்கவே வேண்டாம், 0.4 இருந்தால் நிம்மதி.

அடிக்கும்போது காற்று முதலில், பெயின்ட் பிறகு. நிறுத்தும்போது பெயின்ட்டை முதலில் மூடி, காற்றைக் கடைசியில் விடுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்மூடியைக் கழற்றி, கிளீனரில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் ஊசி நுனியைப் பின்னாலிருந்து முன்னோக்கி ஒரு தடவை வருடிவிடுங்கள். அழுத்தினால் நுனி வளைந்துவிடும். பிறகு மாடலை நோக்கித் திருப்புவதற்கு முன் டிஷ்யூ பேப்பரில் ஒரு கோடு அடித்துப் பார்த்துவிடுங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை.

இவ்வளவும் செய்தால் மாடல் ஏர் ஒழுங்காகவே நடந்துகொள்ளும். பெயின்ட் அடிக்கிறோமா, குழந்தைக்குச் சளி துடைத்துக்கொண்டிருக்கிறோமா என்று தோன்றும், அது வேறு விஷயம்.

நியாயமாகப் பேசினால் நல்லது நிறைய உண்டு. வாடை ஏறக்குறைய இல்லை. அபார்ட்மென்ட்டில் மற்றவர்கள் தூங்கும் நேரத்திலும் அடிக்கலாம். சொட்டு பாட்டில் என்பதால் அளவு பிசகாது, மிச்சமும் வீணாகாது. இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் விமானங்களின் ஆர்எல்எம் நிறங்கள் (அன்றைய ஜெர்மன் விமான அமைச்சகம் வகுத்தவை) தயாராகக் கிடைக்கின்றன. டாமியாவில் அவற்றில் பலவற்றைக் மாடலோடு வரும் கையேட்டில் உள்ள விகிதப்படி நாம்தான் கலக்க வேண்டும். முதல் சொட்டு நிறமில்லாமல் வந்தால் நிறமி அடியில் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். பாட்டிலின் மூக்கைப் பிடுங்கி, துருப்பிடிக்காத ஸ்டீல் குண்டு ஒன்றைப் போட்டுக் குலுக்கினால் சரியாகிவிடும்.

ஆனால் படலம் மென்மையானது. பிரைமர் (அடிப்பூச்சு) இல்லாத பிளாஸ்டிக்கில் மாஸ்கிங் டேப்போடு உரிந்து வரும். மிஸ்டர் சர்ஃபேசர் 1200 போல நன்றாகப் பிடிக்கும் பிரைமரை அடியில் போட்டு, 24 மணி நேரம் காயவிட்டு, டேப்பைப் புறங்கையில் ஒருமுறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்த பிறகே ஒட்டுங்கள். தூசி விழுந்த இடத்தைத் தேய்த்துச் சமப்படுத்த நினைத்தால் தோல் மாதிரி சுருண்டு கிழியும்; உப்புத்தாளுக்கு வசப்படாது.

டாமியா அக்ரிலிக் வேறு ஜாதி. எக்ஸ்எஃப் எண் கொண்ட மேட் நிறங்களை எக்ஸ்-20ஏ என்கிற அதன் அக்ரிலிக் தின்னரோடு 1:1 அல்லது 1:1.5 கலந்து 15 பிஎஸ்ஐயில் அடித்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. டாமியாவின் மஞ்சள் மூடி லேக்கர் தின்னரோ மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரோ 1:2 கலந்தால் இன்னும் வழவழப்பு, இன்னும் நல்ல பிடிப்பு. 12 பிஎஸ்ஐயில் மாடலுக்கு வெகு அருகில் பிடித்து மெல்லிய உருமறைப்புக் கோடுகளைக்கூட இழுக்கலாம். லேக்கர் தின்னருக்கு ஜன்னலோர எக்ஸாஸ்ட்டும், கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் முகமூடியும் கட்டாயம். என்95 ஆவியைத் தடுக்காது. ஹார்டுவேர் கடையின் என்சி தின்னர் கருவி கழுவ மட்டும். மாடலில் பட்டால் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

கடையில் தின்னர் எடுக்கும்போது ‘ஏ’ இருக்கிறதா என்று பாருங்கள். ஏ இல்லாத எக்ஸ்-20 எனாமலுக்கான தின்னர். எனாமல் பாட்டில்களிலும் இதே எக்ஸ், எக்ஸ்எஃப் எண்கள்தான் இருக்கும் என்பதால் எடுத்த பிறகும் லேபிளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இன்னொன்று. டாமியாவுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒத்துப்போகிறது என்று வல்லேஹோவிலும் விட்டுவிடாதீர்கள். கப்பிலேயே திரிந்து ரப்பர் கட்டியாகும். டாமியா அடித்த ஏர்பிரஷ்ஷில் ஆல்கஹால் ஈரம் மிச்சமிருந்தால்கூடப் போதும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது நடுவில் தண்ணீர் விட்டு அடித்துக் கழுவுங்கள். வல்லேஹோவுக்கு தின்னர் தீர்ந்துபோனால் ஆர்ஓ தண்ணீர் பரவாயில்லை.

கையால் பூசுவதென்றால் கதை தலைகீழ். டாமியாவின் இரண்டாம் பூச்சு முதல் பூச்சை இளக்கி இழுத்துக்கொண்டு வரும். ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்த்தாலும் விமானி முகம் போன்ற நுண்வேலைக்கு எரிச்சல்தான். வல்லேஹோவின் கைப்பூச்சுப் பெயின்ட்டான மாடல் கலர் அங்கே ராஜா. டிபன் டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு, அதன்மேல் பட்டர் பேப்பர், அதில் பெயின்ட்டும் கொஞ்சம் தண்ணீரும். மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு. அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் மட்டும் பிரஷ்ஷைத் திரும்ப வைக்கக் கூடாது.

ஆக, மாடல் ஏரில் வாடை இல்லை, நிறம் இருக்கிறது, பாட்டில் நன்று, நுனி காய்வதற்கும் மருந்து இருக்கிறது. இருந்தும் ஏர்பிரஷ்ஷுக்கு அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் வாடையே ஆகாது என்றால் வேறு வழியில்லை, வாங்குங்கள். மற்றவர்களுக்கு டாமியாவில் தேவையான ஐந்தாறு நிறம், கைவேலைக்கு மாடல் கலரில் கறுப்பு, வெள்ளை, தோல் நிறம் போதும். எக்ஸ்-20ஏ மட்டும் 250 மி.லி. பாட்டிலாகவே எடுத்துவிடுங்கள், கழுவுவதற்கே பாதி போய்விடும்.