டீலர் சர்வீஸ்ல நீட்டுற 'ரெகமெண்டட்' லிஸ்ட்: ஏழு வருஷம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

2018ல புதுசா எடுத்த கார், ஜப்பான் செடான், 1.6 லிட்டர், சிவிடி கியர் (ஒரு வகை ஆட்டோமேட்டிக்). பிராண்ட் பேரு வேணாம், இங்க சிங்கப்பூர்ல பெரும்பாலும் ஒரு பிராண்டுக்கு ஒரே ஏஜெண்ட்தான், பேரச் சொன்னா கடையையே கைகாட்டின மாதிரி ஆயிடும். வேற பிராண்ட் வச்சிருக்கிற ஃப்ரெண்ட்ஸ கேட்டாலும் இதே கததான். வாரண்டி இருந்த அஞ்சு வருஷமும் டீலர்கிட்ட சர்வீஸ், அப்புறம் சின் மிங் ஏரியால ஒரு சின்ன வொர்க்‌ஷாப். ஓட்டம் ஒரு லட்சம் கிலோமீட்டர தாண்டிடுச்சு, கார் மேல பெருசா குறை ஒண்ணும் இல்ல, எரிச்சல் எல்லாம் அந்த சர்வீஸ் கவுண்டர் மேலதான்.

எப்படி நடக்கும்னா, காலைல சாவிய குடுத்துட்டு வேலைக்குப் போயிடுவோம். பதினோரு மணி வாக்குல நாம மீட்டிங்ல இருக்கிற நேரமா பாத்து போன் வரும். "சார் கார் இப்ப லிஃப்ட்ல இருக்கு, இஞ்சின் ஃப்ளஷ், இஞ்செக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏர்கான் கிளீனிங் எல்லாம் டியூ ஆயிடுச்சு, சேத்துப் பண்ணா பேக்கேஜ் விலை"ன்னு ஒரே மூச்சுல சொல்லி முடிப்பாங்க. 280 வெள்ளின்னு (சிங்கப்பூர் டாலர்) போட்ட சர்வீஸ் அந்த ஒரு போன்ல 700 வெள்ளி பக்கம் போயிடும், அதுக்கு மேல ஜிஎஸ்டி வேற. லிஃப்ட்ல இருக்குன்னு சொல்றதுதான் அதுல சூட்சுமம், கார் அங்க தொங்கிட்டு இருக்கு, நாம இங்க யோசிக்க நேரமில்லாம இருக்கோம்.

நான் முதல்லேர்ந்தே ஒரு பழக்கம் வச்சுக்கிட்டேன், க்ளவ் பாக்ஸ்ல கிடக்குற புத்தகத்துல மெயிண்டனன்ஸ் அட்டவணை இருக்கும்ல, அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து போன்ல வச்சிருக்கேன். போன் வந்தா "புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு"ன்னு ஒரே கேள்விதான். இஞ்சின் ஃப்ளஷ் என் புத்தகத்துல எங்கயுமே இல்ல. ஒழுங்கா 10,000 கிலோமீட்டருக்கோ ஆறு மாசத்துக்கோ ஒரு தடவ ஃபுல்லி சிந்தெடிக் ஆயில் மாத்துற இஞ்சின்ல கழுவுறதுக்கு என்ன இருக்கு? ஏழு வருஷமா ஒரு தடவ கூட ஃப்ளஷ் பண்ணல. மூணாவது வருஷம் தொடங்கி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற எல்டிஏ (தரைவழிப் போக்குவரத்து ஆணையம்) இன்ஸ்பெக்‌ஷன்ல புகை டெஸ்ட் உட்பட எல்லாம் முதல் தடவையே பாஸ்.

இஞ்செக்டர் (இஞ்சினுக்குள்ள பெட்ரோல பீச்சுற பார்ட்) கிளீனிங்கும் அப்படித்தான், இங்க பங்க்ல ஊத்துற பெட்ரோல்லயே டிடர்ஜெண்ட் கலந்துதான் வருது, கால்டெக்ஸ் டெக்ரான்னு போர்டு போட்டு விக்கிறதே அதுக்காகத்தான். பெட்ரோல நேரா சிலிண்டருக்குள்ளயே பீச்சுற டைரக்ட் இஞ்செக்‌ஷன் இஞ்சின்ல காத்து உள்ள போற இன்டேக் வால்வுல கரி படியிறது நிஜமான பிரச்சினை, மறுக்கல. ஆனா அந்த வால்வு மேல பெட்ரோலே படாது, அப்ப டேங்க்ல ஊத்துற பாட்டில் மருந்து அங்க எப்படிப் போய் கழுவும்? கழட்டி சுத்தம் பண்ணாத்தான் உண்டு. அதக் கேட்டா கவுண்டர்ல இருக்கிற சர்வீஸ் அட்வைசர் பேச்ச மாத்திட்டு டயருக்கு நைட்ரஜன் போடலாமான்னு ஆரம்பிச்சாரு, சாதாரண காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் சாமி.

ஸ்பார்க் பிளக் கத இன்னும் ஜோர். இரிடியம் பிளக், புத்தகத்துல 1,00,000 கிலோமீட்டர்னு போட்டிருக்கு, இவங்க 40,000லயே மாத்தச் சொன்னாங்க. ஏர்கான் காத்த வடிகட்டுற கேபின் ஃபில்டர் மட்டும் அடிக்கடி மாத்த வேண்டியதுதான், ஆனா அது க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கு, ஸ்க்ரூ டிரைவர் கூட தேவையில்ல, நானே எச்டிபி அடுக்குமாடி கார்பார்க்ல அஞ்சு நிமிஷத்துல மாத்திடுவேன். அதுக்கு அவங்க கேட்ட காசுல வெளில மூணு ஃபில்டர் வாங்கலாம்.

எல்லாத்தையும் விட மறக்க முடியாதது பிரேக் பேட். ஒவ்வொரு சர்வீஸ் முடிஞ்சதும் ஒரு ஷீட் தருவாங்க, பச்சை மஞ்சள் சிவப்புன்னு கட்டம் போட்டு, பேட் தடிமன் மில்லிமீட்டர்ல எழுதியிருக்கும். ஒரு தடவ முன்பக்கம் 5 மிமீன்னு எழுதி மஞ்சள்ல டிக் போட்டு "அடுத்த தடவ கண்டிப்பா மாத்திடுங்க சார், மழைக்காலம் வருது"ன்னாங்க. ஆறு மாசம் கழிச்சுப் போனா புது ஷீட்ல 6 மிமீ, ஆனா டிக் மட்டும் சிவப்புல! நான் பழைய ஷீட்ட எடுத்துப் பக்கத்துல வச்சு, பேட் என்ன தண்ணி ஊத்துனா வளருமான்னு கேட்டேன். அவரு ரெண்டையும் மாத்தி மாத்தி பாத்தாரு, "அது வேற டெக்னீஷியன் சார், அளக்குறது கொஞ்சம் மாறும்"னாரு, அப்புறம் பேனாவ எடுத்து அந்த சிவப்பு டிக்க அடிச்சிட்டு பச்சைல ஒண்ணு போட்டாரு. ஒரு பேனா கோட்டுல 400 வெள்ளி மிச்சம். 3 மிமீ பக்கம் வந்தா மாத்தணும்கிறது பொதுவான கணக்கு, நான் அதுக்கப்புறமும் ரொம்ப நாள் ஓட்டித்தான் மாத்துனேன்.

அங்க வேலை பாக்குற தம்பி ஒருத்தர், புதுக்கோட்டைப் பக்கம், ஒரு நாள் வெளில கோப்பி குடிக்கும்போது பேச்சுக் குடுத்தேன். "அண்ணே, நாங்க பாத்து எழுதுறது ஒண்ணு, கவுண்டர்ல பேசுறது ஒண்ணு. அவங்களுக்கு மாசம் டார்கெட் இருக்குண்ணே, அவங்களையும் தப்பு சொல்ல முடியாது"ன்னாரு. அது என்னவோ நியாயம்தான், ஆனா அந்த டார்கெட் நம்ம பர்ஸ்லேர்ந்துல போகுது.

அவங்க சொன்னது எல்லாமே டூப்புன்னும் சொல்ல மாட்டேன். பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தச் சொன்னது சரி, அது ஈரத்த இழுக்கும், நம்ம ஊரு ஈரப்பதம் தெரிஞ்சதுதானே. மூணாவது வருஷம் பேட்டரி வீக்குன்னு சொன்னதும் சரி, இந்த வெயில்ல பேட்டரி ரொம்ப நாள் தாங்காது. சிவிடி ஆயில்ல மட்டும் நான் புத்தகத்த மீறிட்டேன், அதுல 'பரிசோதிக்கவும்'னுதான் போட்டிருக்கு, ஆனா தினமும் பிஐஇ எக்ஸ்பிரஸ்வே நெரிசல்ல ஊர்ந்து ஊர்ந்து போற காருக்கு அது போதும்னு எனக்குத் தோணல, மாத்திட்டேன்.

வாரண்டி மிரட்டல் பத்தி ஒண்ணு சொல்லணும். "வெளில சர்வீஸ் பண்ணா வாரண்டி போயிடும்"னு கவுண்டர்ல எங்கிட்ட ரொம்ப சாதாரணமா சொன்னாங்க. 2017 டிசம்பர்லயே போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டு, இங்க இருக்கிற கார் டீலர்கள் அந்த நிபந்தனைய எடுத்துட்டாங்க. வெளி வொர்க்‌ஷாப் பண்ண வேலையால பழுது வந்தா அந்த க்ளைம மறுக்கலாம், அது நியாயம், ஆனா வெளில ஆயில் மாத்துனதுக்காக மொத்த வாரண்டியும் போயிடாது. இத நான் எடுத்துச் சொன்னதும் "பாலிசி செக் பண்றேன் சார்"னு போனவரு திரும்ப அந்தப் பேச்சே எடுக்கல. இது தெரிஞ்சும் அஞ்சு வருஷம் அங்கயே ஏன் இருந்தேன்னா, சிவிடி மாதிரி பெரிய ஐட்டத்துல க்ளைம்னு வந்தா ரெக்கார்ட் ஒரே இடத்துல இருக்கட்டும்னுதான். பேஸிக் சர்வீஸ் மட்டும், மத்ததெல்லாம் நோ.

இப்ப சின் மிங் அங்கிள்கிட்ட அதே ஆயில் சர்வீஸ் 120 வெள்ளிக்குள்ள முடியுது. பழைய பார்ட்ட கைல குடுத்துக் காட்டுவாரு, "திஸ் ஒன் ஸ்டில் கேன் யூஸ் லா"ன்னு அவரே மாட்டித் திருப்பி அனுப்புனதும் உண்டு. சோபாவும் மசாஜ் நாற்காலியும் கிடையாது, பிளாஸ்டிக் ஸ்டூல்தான். ஆனா வெளி வொர்க்‌ஷாப்னாலே யோக்கியம்னு நினைச்சுக்காதீங்க, காக்கி புக்கிட்ல ஒரு கடைல வெறும் டயர் மாத்தப் போன இடத்துல ஆயில்ல கலக்குற மருந்து வித்துத் தள்ளப் பாத்தாங்க.

எங்க பண்ணாலும் பில்ல ஒவ்வொரு ஐட்டமா பிரிச்சுப் போடச் சொல்லுங்க, 'பேக்கேஜ் ஏ'ன்னு ஒரே வரில வாங்காதீங்க. தேவையில்லாத ரிப்பேர தேவைன்னு சொல்லி விக்கிறது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படியே தப்பு. கேஸ் (CASE) பயனீட்டாளர் சங்கத்துல புகார் குடுக்கலாம், அங்கயும் முடியலன்னா ஸ்மால் கிளைம்ஸ் நடுவர் மன்றத்துல 20,000 வெள்ளி வரைக்கும் ரெண்டு வருஷத்துக்குள்ள போடலாம், அப்ப முதல்ல கேக்குறது அந்த பில்லும் அந்த கலர் டிக் ஷீட்டும்தான்.