வாரம் ஓர் இரவா, இரு வாரத்துக்கு இரண்டு இரவா?

இலங்கையில், பிரிந்து வாழும் தகப்பன் மூன்று வயதுப் பிள்ளையை இரவில் வைத்திருக்கக் கேட்டு மாவட்ட நீதிமன்றம் போனால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் பேச்சுக்கு வரும்.

சனி காலை கூட்டிப்போய் ஞாயிறு மதியம் விடுவது சின்னப் பிள்ளைக்குத் தோது. தாயைப் பிரிந்திருக்கும் நேரம் குறைவு, தகப்பன் முகமும் மறக்காது. ஆனால் வீடுகள் கிட்ட இருக்க வேண்டும். திருகோணமலையில் உவர்மலைக்கும் நிலாவெளிக்கும் இடையில் சரிவரும். கொழும்பில் வேலை செய்பவருக்குக் கிழமைதோறும் இரவு பஸ் கட்டாது. தவறவிட்ட ஒவ்வொரு சனியும் மறுபக்கச் சட்டத்தரணியின் கோப்பில் ஏறும்.

கொழும்பில் இருக்கும் தகப்பனுக்கு இரு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலைவரை என்பதே நடைமுறை. சிக்கல் இரண்டாம் இரவில்தான்: முதல் இரவு புதுமையில் தூங்கிய பிள்ளை மறுநாள் 'அம்மா' என்று அழும். அடுத்த சந்திப்புக்கு 12 நாள் இடைவெளி வேறு. நடுவில் வீடியோ அழைப்பு கட்டாயம். விளையாட்டுச் சாமான் குவிப்பதைவிட, வீட்டில் படுக்கும் அதே தலையணையும் அதே பால்மாவும் உதவும்.

நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனை. மிகச் சிறிய பிள்ளையைத் தாயிடம் விடவே அது சாயும். ஆகவே முதலில் பகல் மட்டும், பிறகு ஓர் இரவு, பழகியபின் இரண்டு என்று படிப்படியாகக் கேட்பதே புத்தி. பிள்ளை எங்கே படுக்கும், அப்பம்மா கூட இருப்பாரா, காய்ச்சலுக்கு எந்த மருந்து என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

கட்டளையில் 'நியாயமான நேரம்' என்று மட்டும் இருந்தால் சண்டைதான் மிஞ்சும். ஒப்படைக்கும் மணி, இடம், பொங்கல், பாடசாலை விடுமுறை, சுகமில்லாத நாளுக்கு மாற்று நாள் எல்லாம் எழுத்தில் வரவேண்டும்.