‘புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே பேக்கேஜ்’ என்றால் கையெழுத்துப் போடாதீர்கள் (83,682 ரூபாய் போச்சு)

83,682 ரூபாய். பேங்க்குக்குக் கட்டியது இல்லை. பேங்க்கிடம் பேசிக் கடனைப் பாதியாக்கித் தருகிறோம் என்ற செட்டில்மென்ட் ஏஜென்சி ஒன்றுக்குக் கட்டியது. ரீஃபண்ட் கிடையாது என்று நேற்று மெயில் வந்தது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் பேரில் கார்டு பாக்கி 2,80,000, பர்சனல் லோன் 4,20,000. இரண்டிலும் இழுபறி. என் பேரில் தனியாக ஒரு லோன், பாக்கி 1,60,000, மாதம் 6,430. அதில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. இந்த மூன்றாவதைத்தான் கவனிக்க வேண்டும். ஒருவர் தனியாக வாங்கிய கடனுக்கு, கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போடாத துணை பொறுப்பாளி இல்லை. தாலி கட்டியதால் சிபில் (கடன் வரலாற்றுப் பதிவு) ஒன்றாகிவிடாது. ஏஜென்சிக்கு இது நன்றாகவே தெரியும். இருந்தும் என் லோனையும் சேர்த்து மூன்றுக்கும் ஒரே பேக்கேஜ் என்றார்கள். ஃபீஸ் மொத்தக் கடனை வைத்துத்தானே? 7 லட்சத்தைவிட 8,60,000 பெரிசு.

நாங்கள் நம்பிய இடம் இது. ஏஜென்சிப் பையன் டேப்லெட்டில் ஒரு பேங்க் லெட்டரைக் காட்டினான். “பாருங்கக்கா, 5 லட்சம் கடன், 2 லட்சத்துல முடிச்சோம்.” லெட்டர்ஹெட், சீல் எல்லாம் இருந்தது. லோன் நம்பர் இருக்க வேண்டிய வரியின் மேல் அவன் கட்டைவிரல் இருந்தது. அது இப்போதுதான் உறைக்கிறது. பேங்க்குக்கு நேராகப் போகட்டுமா என்றதற்கு, “ஐ.பி. குடுக்கச் சொல்வாங்கக்கா, ஊரெல்லாம் மஞ்ச நோட்டீஸ் போகும்” என்றான். சுத்தப் புளுகு. ஐ.பி. என்பது திவால் அறிவிப்பு, கோர்ட்டில் மனுப் போட்டு நடப்பது. சென்னைக்குள் 1909-ஆம் வருடச் சட்டம், மற்ற மாவட்டங்களில் 1920-ஆம் வருடச் சட்டம். கிளைக்குப் போய்த் தவணையைக் குறைக்கக் கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பதிவுக் கட்டணம் 9,900, ஜி.எஸ்.டி.யோடு 11,682. பிறகு மாதம் 12,000 வீதம் 6 மாதம், 72,000. அதில் 8,000 செட்டில்மென்ட்டுக்குச் சேரும், 4,000 ஃபீஸ் என்று வாய்ப்பேச்சு. ஒப்பந்தத்தில் 12,000-மும் ‘சர்வீஸ் கட்டணம்’. மூன்று கடனுக்கும் தவணையை நிறுத்தச் சொன்னார்கள். பேங்க்கில் கொடுத்திருந்த மெயிலை அவர்கள் மெயிலாக மாற்றவைத்தார்கள், போன் கால்களையும் அவர்கள் எண்ணுக்குத் திருப்பிவிட்டார்கள். மிரட்டல் போன் வராதாம். வரவில்லைதான். நோட்டீசும் வரவில்லை.

90 நாள் தாண்டியதும் கணக்கு வாராக்கடன். கார்டுக்கு மாதம் 3.5 சதவீத வட்டி, அதன் மேல் ஜி.எஸ்.டி., தாமதக் கட்டணம்: 6 மாதத்தில் 2,80,000 என்பது 3,60,000-ஐத் தாண்டிவிட்டது. என் லோனில் ஆட்டோ டெபிட் ஒவ்வொரு மாதமும் பவுன்ஸ். அது வெறும் அபராதத்தோடு போகிற விஷயமும் இல்லை, 2007-ஆம் வருடப் பேமென்ட் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் வழக்கே போடலாம். சுத்தமாக இருந்த சிபில் போயே போச்சு.

ஏஜென்சியைக் கேட்டால் “நெகோஷியேஷன்ல இருக்கு மேடம்.” அடுத்த வாரம் “லீகல் டீம் கூப்பிடுவாங்க.” அதற்கடுத்து “அந்த ஸ்டாஃப் ரிசைன் பண்ணிட்டார்.” வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கடைசியில் கிளைக்கே போய்க் கேட்டோம். எங்கள் சார்பாக ஒரு கடிதம்கூட அங்கே வந்ததில்லை. 83,682 ரூபாய்க்கு ஒரு கடிதம்கூடவா எழுதக்கூடாது?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. சுருக்கமாக: யார் பேரில் கடனோ அவர் மட்டும் பேசுங்கள், ஒழுங்காகப் போகிற கடனைத் தொடாதீர்கள். தவணை தவறினால் 90 நாளுக்குள் கிளைக்குப் போய் மறுசீரமைப்பு (தவணையை மாற்றி அமைப்பது) கேளுங்கள். செட்டில்மென்ட் என்றால் லோன் நம்பர், தொகை, கடைசித் தேதியோடு பேங்க் லெட்டர் கைக்கு வந்த பிறகு லோன் கணக்கில் மட்டும் கட்டுங்கள். முடித்தாலும் சிபிலில் ‘செட்டில்டு’ என்றுதான் விழும், ‘குளோஸ்டு’ என்று வராது. லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) கோர்ட் கட்டணம் இல்லை, ஆனால் அங்கே ஒப்புக்கொண்டால் அப்பீலும் இல்லை. பேங்க் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். ஏஜென்சி மேல் புகாரை அங்கே எடுக்க மாட்டார்கள், அதற்கு நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் முதலில் ##002# டயல் செய்து கால் ஃபார்வர்டை எடுங்கள். அப்படியே கிளைக்குப் போய் மெயில் ஐடியையும் மாற்றிவிடுங்கள்.