‘ஃபுல்லி ஸ்டாக்’ என்று விற்ற வண்டி: மதுரையில் பழைய கார் தேடுவோர் கவனத்துக்கு

மதுரைப் பக்கம் செகண்ட் ஹேண்ட் கார் தேடுகிறவர்கள், அதிலும் டீசல் ஹேட்ச்பேக் தேடுகிறவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

மாடிஃபை செய்த வண்டி என்றால் நாம் எல்லோருமே உஷாராகிவிடுவோம். கறுப்பு அலாய் வீல், தரையை உரசும் பம்பர், தெருவையே எழுப்பும் சைலன்சர் இருந்தால் ‘நமக்கு எதுக்குப்பா’ என்று ஒதுங்கிவிடுவோம். அந்த வண்டியால் ஆபத்து இல்லை. அது தன் கதையைத் தானே சொல்லிவிடுகிறது. போட்டதையெல்லாம் கழற்றித் தனித்தனியாக விற்றுவிட்டு, ‘ஃபுல்லி ஸ்டாக்’, அதாவது அப்படியே கம்பெனி கண்டிஷன், என்று துடைத்து நிறுத்தியிருக்கிறார்களே, அந்த வண்டிதான் ஆளை விழுங்கும். எனக்கு விற்றது அப்படி ஒன்று.

விற்ற கன்சல்டிங்கின் (பழைய கார் வாங்கி விற்கும் கடை) பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் இருக்கிறது. ஊருக்குள் நல்ல ஓட்டத்தில் இருக்கும் இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வண்டி 2017 மாடல் மாருதி ஹேட்ச்பேக், 1.3 லிட்டர் டீசல். ஃபியட் வடிவமைத்த அந்த 1,248 சிசி எஞ்சின்தான். 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் இழுவை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்ததோடு மாருதி டீசல் காரையே விட்டுவிட்டதால், இந்த எஞ்சின் உள்ள நல்ல வண்டிக்கு இங்கே இன்றைக்கும் கிராக்கி. தேனிக்கும் மதுரைக்கும் தினம் போய்வருகிறவர்கள் மைலேஜுக்காகத் தேடி அலைகிறார்கள். 4,85,000 சொன்னார்கள், 4,70,000த்துக்குப் படிந்தது. அதே மாடல் வேறு இடங்களில் நாற்பது, ஐம்பதாயிரம் குறைவாகவே கிடைத்தது. அந்தக் கூடுதல் பணத்தை நான் கொடுத்தது ஒரே ஒரு காரணத்துக்காக. வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய செய்தி அப்படியே: “சார் வண்டி ஃபுல்லி ஸ்டாக். எந்த ஆல்ட்ரேஷனும் இல்ல. சிங்கிள் ஓனர்.”

பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். அரசின் பரிவாகன் தளத்தில் ஆர்.சி. விவரம் சரி. லோன் முடிந்து பேங்க் பேர் நீங்கியிருந்தது. இன்ஷூரன்ஸ் உயிரோடு இருந்தது. எங்கள் மெக்கானிக் அண்ணனே வந்து பைபாஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்து, “எஞ்சின் நல்லாருக்கு, பிக்கப்பும் கூடுதலாத்தான் இருக்கு” என்றார். அந்தக் கூடுதல் பிக்கப்புக்கு என்ன அர்த்தம் என்று பிறகுதான் விளங்கியது.

குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பினோம். காட்ரோடு தாண்டி மலை ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் அலறுகிறது, வண்டி ஏறவில்லை. கருகிய வாடை. பின்சீட்டில் மாமனார், “மாப்ள, ஏதோ தீயுது” என்கிறார். ஓரமாக நிறுத்தி ஆறவைத்து, மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்து சேர்ந்தோம். சமதரையில் ஒழுங்காக ஓடிய கிளட்ச், மேட்டில் முழு லோடில் கைவிட்டுவிட்டது.

பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கியதும் கிளட்ச் பிளேட் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. ஓடிய கிலோமீட்டருக்கு இது நியாயமே இல்லை என்றார் அண்ணன். அப்புறம் அவருக்கே சந்தேகம் வந்து வண்டியை முழுக்கத் துழாவ ஆரம்பித்தார். புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வுக்குப் போகும் வழியில் தகடு வைத்து அடைத்திருந்தது. அப்படி அடைத்தால் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. அதாவது எஞ்சின் கம்ப்யூட்டருக்குள்ளேயே கை வைத்து, விளக்கு எரியாதபடி செய்திருக்கிறார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தபோது ஒரு பிழையும் காட்டவில்லை. கடைசியில் கோயம்புத்தூரில் டியூனிங் வேலை பார்க்கிறவரிடம் கொண்டுபோய், உள்ளே இருக்கும் ஃபைலை இறக்கி, ஒரிஜினல் ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வண்டி ரீமேப் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது கூடுதல் பவருக்காக அந்த ஃபைலையே மாற்றியிருக்கிறார்கள். டர்போ அழுத்தமும் டீசல் அளவும் கூட்டப்பட்டிருக்கின்றன. 190 இழுவைக்குச் செய்த கிளட்ச் அதற்குமேல் வாங்கி வாங்கித் தேய்ந்துவிட்டது.

இதில் இருக்கும் கணக்கைக் கவனியுங்கள். அலாயைக் கழற்றினால் விற்கலாம். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றினால் விற்கலாம். ரீமேப்பைக் கழற்றி யாரிடம் விற்பது? அதை நீக்கக் கைக்காசுதான் செலவாகும். அதனால் அது மட்டும் அப்படியே உள்ளே இருந்துவிட்டது.

மற்றவை எல்லாம் தடயமாகக் கிடைத்தன. முன் வீல் ஆர்ச்சின் உள்பக்க பிளாஸ்டிக், அகல டயர் உரசித் தேய்ந்திருந்தது. இப்போது மாட்டியிருந்ததோ ஒல்லியான டயரும் சாதாரண இரும்பு வீலும். முன்னால் இருந்த ஸ்பிரிங் பெட்ரோல் வண்டியுடையது. டீசல் எஞ்சின் கனம் அதிகம், ஸ்பிரிங்கும் வேறு. வேகத்தடையில் அடி தட்டுவதற்குக் காரணம் அதுதான். ஹெட்லைட் ஹோல்டர் இரண்டும் உருகியிருந்தன. 60/55 வாட்டுக்குச் செய்த இடத்தில் 100/90 பல்பு எரிந்திருக்கிறது. பேட்டரியிலிருந்து டிக்கிக்குத் தடித்த ஒயர் போன ஓட்டையை ஒரு ரப்பர் மூடி மறைத்திருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் எலக்ட்ரீஷியன் தம்பி தலையை விட்டவன், வெளியே எடுக்காமலேயே சிரித்தான்: “அண்ணே, உள்ள பாதி டேப்பு, பாதி ஒயரு.”

பழைய ஓனரைப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. என் அக்கா மகன் வண்டி நம்பரை வைத்துத் துழாவி, ஏதோ கார் கூட்டத்தில் எடுத்த படத்தைக் காட்டினான். அதே டி.என். 59 நம்பர், 17 இஞ்ச் வீல், தரையோடு ஒட்டி நிற்கிறது. தெரிந்தவர் மூலமாகப் பேசியபோது அந்தப் பையன் எதையும் மறைக்கவில்லை. “எல்லாத்தையும் சொல்லித்தாண்ணே குடுத்தேன். மாடிஃபை வண்டி, யாரும் வாங்க மாட்டாங்கன்னு சொல்லி நாப்பதாயிரம் குறைச்சாங்க. அலாயும் பாட்டு செட்டும் வண்டியோடயே வேணும்னு வாங்கிக்கிட்டாங்க.” அவன் அந்த வண்டிக்குச் செலவழித்தது ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதில் ஒரு ரூபாய் திரும்பவில்லை, கூடவே நாற்பதாயிரம் போனது.

ஆக, மாடிஃபை என்று அவனிடம் விலையைக் குறைத்தார்கள். ஸ்டாக் என்று என்னிடம் விலையைக் கூட்டினார்கள். நடுவில் கழற்றிய சாமான் தனிக்காசு. ஒரே வண்டியில் மூன்று அறுவடை.

கன்சல்டிங்கில் போய்க் கேட்டேன். முதலில் “பழைய வண்டின்னா அப்படி இப்படி இருக்கத்தான் சார் செய்யும்.” அடுத்து டெலிவரி நோட்டைக் காட்டினார்கள். ‘வாகனத்தை நன்கு பரிசோதித்து, உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த வரி, கீழே என் கையெழுத்து. சரி, வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார்கள். விலை போட ஒரு ஆளை அனுப்பினார்கள், கையில் டார்ச்சோடு.

அந்த ஆள் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும்! நேராக வீல் ஆர்ச்சில் விளக்கடித்தார். பானட்டைத் தூக்கி ரப்பர் மூடியைத் தொட்டுக் காட்டினார். டிக்கியில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் போட்ட ஸ்க்ரூ ஓட்டைகளை எண்ணினார். “ரீமேப் ஆயிருக்கு சார், ஸ்பிரிங் மாறியிருக்கு, ஒயரிங்ல கை வச்சிருக்காங்க. இதெல்லாம் மாடிஃபை வண்டி, ரீசேல் வேல்யூ இருக்காது.” நானும் மெக்கானிக்கும் பட்டறையில் வைத்துப் பிரித்துக் கண்டுபிடித்ததை, நின்ற இடத்தில் நின்றபடி அவர் சொல்லி முடித்தார். அவர்கள் சொன்ன விலை 3,40,000. விற்கும்போது இல்லாத மாடிஃபிகேஷன் வாங்கும்போது மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, மேனேஜர் டீ சொல்லட்டுமா என்றார். (அவர் பேசியதை என் தம்பி போனில் பதிவு செய்திருக்கிறான். புகாரோடு கொடுத்திருக்கிறேன்.)

‘சின்ன விஷயம்தானே, ஓட்டிட்டுப் போங்க’ என்று சொன்ன நண்பர்களுக்காகச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. மாறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. தண்டனை யாருக்கு? மாற்றம் செய்த ஓனருக்கு. ஆனால் பேர் மாற்றிய பிறகு ஆர்.சி.யில் இருப்பது பையனும் இல்லை, கன்சல்டிங்கும் இல்லை, நான். இன்ஷூரன்ஸும் அப்படித்தான். பாலிசியில் சொல்லாத மாற்றம் இருந்தால், விபத்து நடந்த அன்று சர்வேயர் அதைச் சுட்டிக்காட்டுவார். நான் செய்யவில்லை என்பதை அப்போது யாரிடம் போய் நிரூபிப்பது?

மாற்றம் செய்த எல்லா வண்டியும் விலை போகாது என்றும் நான் சொல்லவில்லை. சி.என்.ஜி. (எரிவாயு) கிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி பெற்ற கிட், ஆர்.சி.யில் பதிவு, பாலிசியில் குறிப்பு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனைச் சான்று இருந்தால் வாங்குகிறவர் தயங்குவதே இல்லை. அதே கிட் ஆர்.சி.யில் ஏறாமல் இருந்தால் யாரும் கிட்டவே வரமாட்டார்கள். பெயிண்ட் நிறமும் அப்படித்தான், ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். வாங்குகிறவனுக்குப் பயம் மாற்றத்தைப் பார்த்து வருவதில்லை. இன்னும் எதை மறைத்திருக்கிறானோ என்றுதான் வருகிறது.

இதை என் வண்டியை விற்கப் பார்த்தபோதே கண்டேன். கிளட்ச் செட், சரியான ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஒயரிங், ஒரிஜினல் ஃபைல் எல்லாம் மாற்ற ஐம்பதாயிரத்தை நெருங்கியது. பில் அத்தனையும் கையில் இருக்கிறது. மேலூரிலிருந்து ஒருவர் வந்தார், ஓட்டிப் பார்த்தார், பிடித்தது. நடந்ததை முழுக்கச் சொன்னேன். ரீமேப் என்ற வார்த்தையைக் கேட்டதும் “வீட்ல கேட்டுட்டுச் சொல்றேண்ணே” என்று போனவர்தான். உசிலம்பட்டிக்காரர் ஒருவர் பில்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, “நீங்க சொன்னது வரைக்கும் சரி, அவன் சொல்லாதது எவ்வளவோ?” என்றார். நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் பெயிண்ட் பளபளப்பைப் பார்க்கும் நேரத்தில் கீழே குனியுங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் டயர் அளவு ஸ்டிக்கரையும் மாட்டியிருக்கும் டயரையும் ஒப்பிடுங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு வீல் ஆர்ச்சுக்குள் பாருங்கள். கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு எந்தக் கிலோமீட்டரோடு நின்றது என்று கேளுங்கள். மாடிஃபை ஆரம்பித்ததும் முதலில் நிற்பது கம்பெனி சர்வீஸ்தான். என் வண்டியில் 42,000த்தோடு நின்றிருந்தது, ‘வெளி மெக்கானிக் செலவு கம்மி’ என்று காரணம் சொன்னார்கள். டர்போ டீசல் என்றால் மூன்றாவது, நான்காவது கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழுசாக மிதித்துப் பாருங்கள், முடிந்தால் மேட்டில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு. ‘ஃபுல்லி ஸ்டாக்’ என்று சொன்னால், அதையே டெலிவரி நோட்டில் சீல் வைத்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு ஆன்லைனில் அரசின் இ-ஜாக்ரிதி தளம் மூலமே மனுப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. விளம்பரப் படம், வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய ரசீது, மெக்கானிக் எழுத்தில் கொடுத்த அறிக்கை, கழற்றிய பழைய பாகங்கள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். என் தேய்ந்த கிளட்ச் பிளேட் இன்னும் பட்டறை அலமாரியில்தான் இருக்கிறது.